முதல் மூன்று இரவுகள்

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலின்போது கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது 1971இல், ஒரு விவாதப் போட்டியில். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டு நின்றதற்காகப் புள்ளி குறைத்தார்கள். இன்று மணி இல்லை என்று நீங்கள் பயப்பட வேண்டாம். சுருக்கமாகவே முடிப்பேன்.

ஊரை விட்டுப் போய் வாழ்வில் உயர்ந்த எங்கள் மாணவிகளைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். உயர்ந்தவர்களின் கதைகள் இந்த மலரில் நிறையவே இருக்கும். நான் அதற்கு முந்திய பகுதியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பெட்டியுடன் ஒரு புது நகரத்தில் இறங்குகிறோம். அன்றிரவு எங்கே படுப்பது? நாளைக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது? அந்த முதல் மூன்று இரவுகள் எப்படிக் கழிகின்றன என்பதில்தான் பிறகு வருகிற பலதும் தங்கியிருக்கிறது. இதை நான் என் வாழ்க்கையில் இரண்டு பக்கத்திலிருந்தும் கண்டிருக்கிறேன்.

நான் விஞ்ஞானப் பிரிவில் படித்தவள். தரப்படுத்தல் வந்த காலம் அது. எனக்குக் கிடைத்த புள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. வீட்டில் எனக்குப் பின்னால் மூன்று பேர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுதுவினைஞர் பரீட்சைக்கான விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். 1974இல் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் நியமனம் கிடைத்தது. எனக்கு வயது இருபத்தொன்று. வவுனியாவுக்கு அப்பால் அதுவரை போனதில்லை.

இரவு மெயில் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அம்மா கட்டித் தந்த புட்டுப் பொட்டலம், ஒரு போத்தல் நல்லெண்ணெய், ஒடியல், ஒரு தகரப் பெட்டி. விடியக் கோட்டையில் இறங்கியபோது, மேடையில் நிற்கிற அத்தனை பேரும் எனக்குத் தெரியாத மொழியில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “பிள்ளை, நீதானே? பெட்டியை இங்கால தா. சாப்பிட்டனியே?”

அவர் எங்கள் கல்லூரியின் பழைய மாணவி. எனக்குப் பதினைந்து வருடம் மூத்தவர். என்னை அதற்கு முன் கண்டதே இல்லை. எங்கள் வகுப்பு ரீச்சர் எழுதிய ஒரு தபாலட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த அறையில் ஏற்கெனவே மூன்று பேர். நான் நாலாவது. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும்.

அந்த அறையில் ஒரு கொப்பி இருந்தது. சாதாரண நாற்பது தாள் கொப்பி. அக்கா ஆரம்பித்தது. அறையில் இருந்த ஒவ்வொருத்தியும் நகரத்தைப் பற்றித் தான் பட்டறிந்ததை அதில் எழுத வேண்டும். கோட்டைக்கு எந்த பஸ், எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும், எந்தக் கடையில் நிறுவை சரி, பாணுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், மாலை ஆறு மணிக்குப் பிறகு எந்த ஒழுங்கையால் வரக்கூடாது, அலுவலகத்தில் எப்படிப்பட்ட மேலதிகாரியின் அறைக்குத் தனியே போகக்கூடாது. எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகவும் சம்பள உயர்வு பெறவும் சிங்களத் தேர்ச்சி வேண்டும். பரீட்சைக்கு எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து மேசையில் இருந்த ஒரு சிங்களப் பெண். பதிலுக்கு அவர் கேட்டது எங்கள் வீட்டு மிளகாய்த்தூள்.

முதல் மூன்று இரவும் நான் அழுதேன். அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் கொப்பியையும் பேனையையும் என் கையில் தந்து, “அழுதது போதும். நேற்று எங்கை வழி தவறினனி எண்டு எழுது. அடுத்தது வாறவள் தவறக்கூடாது” என்றார்.

ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நான் இவை ஒன்றையும் எழுதவில்லை. “நான் நல்ல சுகம். அறை வசதியாக இருக்கிறது. கடற்காற்று நன்றாக வருகிறது.” மாதம் இரண்டு கடிதம், எல்லாம் இப்படித்தான். அம்மா அவற்றைப் படலையடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவார். அவர்களின் மகள் அப்போது சின்னப் பிள்ளை. என் கடிதங்களைக் கேட்டே வளர்ந்தவள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1983 யூலை பற்றி இங்கே நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 25ஆம் திகதி திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன். எனக்குச் சிங்களம் படிப்பித்த அந்தப் பெண்தான் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் இரண்டு நாள் ஒளித்து வைத்தார். பிறகு அகதி முகாம். அதன்பின் லங்கா கல்யாணி கப்பல், காங்கேசன்துறை. அறையும் கொப்பியும் எரிந்துபோயின. ஆறு மாதம் கழித்து நான் திரும்பவும் கொழும்புக்கே போனேன். “அடிச்சுக் கலைச்ச ஊருக்கு ஏன் பிள்ளை போறாய்?” என்று ஊரில் கேட்டார்கள். வேலை அங்கே இருந்தது. தங்கச்சிமாரின் படிப்பு அந்தச் சம்பளத்தில் இருந்தது. நல்ல வாழ்வு தேடிப் போகிறோம் என்கிறோம். பலருக்கு அது தங்களுடைய வாழ்வே அல்ல, வீட்டிலிருப்பவர்களுடையது.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் கணவருக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தாய் தகப்பனுடன் நடந்து தென்மராட்சிக்குப் போனவள். பிறகு வன்னி. 1996 நடுப்பகுதியில் பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி, தனியே கொழும்பு வந்தாள். கணக்கியல் படித்து ஒரு வேலை எடுக்க வேண்டும் என்பது அவள் நோக்கம். அவளும் எங்கள் கல்லூரி மாணவிதான். வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் ஒரு பயணப் பையுடன் நின்றாள். கையில் என் அம்மா எழுதிக் கொடுத்த துண்டு. “இவளை உன்னோடு வைத்துக்கொள்.”

அந்த ஆண்டு ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது. வீட்டுக்கு வந்து தங்குபவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். இரவில் சோதனைக்கு வருவார்கள். வடக்கிலிருந்து புதிதாக வந்த இளம் பிள்ளை என்றால் கேள்வி வேறு விதமாக இருக்கும். வீட்டுக்காரர் மேலதிகமாக ஆட்களை வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். காரணங்கள் எல்லாம் உண்மையானவை. நான் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். கொஞ்சக் காசு கொடுத்தேன். ஒரு லொட்ஜின் விலாசம் எழுதிக் கொடுத்து, “வீடு சின்னது பிள்ளை, குறை நினைக்காதே” என்றேன்.

“பறவாயில்லை அக்கா. நீங்கள் சுகமாய் இருக்கிறியள் எண்டு அம்மாவுக்கு எழுதிறன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த லொட்ஜில் ஏழு மாதம் இருந்தாள் என்றும், ஒரு சோதனையில் பிடிபட்டு இரண்டு இரவு பொலிஸ் நிலையத்தில் இருந்தாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். 1998இல் கனடா போய்விட்டாள்.

2019 ஜனவரியில் என் இளைய மகள் நிரந்தர வதிவிட விசாவில் ரொறன்ரோ போனாள். அங்கே எங்களுக்கு உறவினர் என்று எவரும் இல்லை. எங்கள் சங்கத்தின் கனடாக் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. எழுதியிருந்தவரின் பெயரைப் பார்த்ததும் என் கை நடுங்கியது. அவள்தான்.

விமான நிலையத்துக்கு ஒரு பெரிய குளிரங்கியுடன் வந்து நின்றிருக்கிறாள். வெளியே மைனஸ் பதினெட்டு. ஸ்காபரோவில் தன் வீட்டில் மூன்று இரவு அல்ல, ஐந்து வாரம் என் பிள்ளையை வைத்திருந்தாள். சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க, பஸ் அட்டை வாங்க எல்லாவற்றுக்கும் கூடவே போனாள். நிலக்கீழ் அறை ஒன்று பார்த்தபோது, முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையும் முன்னதாகவே கேட்பார்கள் என்று சொல்லி, குறைந்த காசைத் தானே கொடுத்தாள். நேர்முகப் பரீட்சைகளில் “கனடிய அனுபவம் உண்டா?” என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே சொல்லியிருந்தும் கேள்வி ஓயவில்லை. மகள் சோர்ந்துபோன நாட்களில், தான் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு படித்ததை அவள் சொல்லியிருக்கிறாள். 1996இல் என் வாசலில் நின்றதை மட்டும் சொல்லவேயில்லை.

நானும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நன்றி மட்டும் எழுதினேன். இன்று அவள் இந்த மண்டபத்தில் இல்லை. இந்த மலர் அவள் கைக்குப் போகும். தங்கச்சி, நான் ஒரு இரவுக்காவது கதவைத் திறந்திருக்கலாம். உன்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து பதிந்திருக்கலாம். கோட்டையில் எனக்காக அரைநாள் லீவு எடுத்து நின்ற ஒருவரை அறிந்திருந்தும் அதைச் செய்யவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2022இல் நாடு நொடிந்தபோது பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதைக் கண்டோம். அந்த ஒரு வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். உங்களில் பலரும் போவீர்கள். கொழும்புக்கோ, டுபாய்க்கோ, லண்டனுக்கோ, மெல்பேணுக்கோ. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நானே போனவள்.

ஆனால் போகுமுன் அங்கே முதல் மூன்று இரவும் யாருடைய வீட்டில் என்று பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் மூலம் வேலைக்குப் போவதென்றால், அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள். காணி உறுதியை ஈடு வைத்து யாரும் விசா எடுக்க வேண்டாம். படிக்கப் போகிறவர்கள் பகுதிநேர வேலையை நம்பிக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். வேலை செய்யக்கூடிய மணித்தியாலங்களுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. போன பிறகு, வீட்டுக்கு உண்மையை எழுதுங்கள். என்னைப் போல் கடற்காற்றை மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்டு இன்னொரு பிள்ளை புறப்படுவாள்.

சங்கத்தாரிடமும் உலகெங்கும் உள்ள கிளைகளிடமும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புகிறோம், நல்லது. அதோடு ஒவ்வொரு கிளையும் இரண்டு காரியம் செய்யட்டும். புதிதாக வரும் எங்கள் மாணவி ஒருத்தி அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம், முதல் மூன்று இரவு தங்க ஒரு கட்டில். அங்கே வாழ்ந்து அறிந்ததை எழுதி வைக்க ஒரு கொப்பியும் இருந்தால் இன்னும் நல்லது. இப்போது அது கைபேசியிலேயே இருக்கலாம். எரியாது.

கொழும்புக்கு நானே பெயர் கொடுக்கிறேன். மகளின் அறை வெறுமையாக இருக்கிறது. இரண்டு கட்டில் போடலாம். ரயில் போகும்போது யன்னல் அதிரும், அவ்வளவுதான். என் இலக்கம் சங்கச் செயலாளரிடம் உண்டு. வருகிறவள் ரயில் ஏறுமுன் ஒரு சொல் சொல்லட்டும். முழங்கால் நோவோடு என்றாலும் கோட்டைக்கு வந்து நிற்பேன்.