அரைப்பேர் கேட்ட றக்பிக்காரர்கள்

(தோட்ட இளைஞர்களின் விளையாட்டுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



றக்பி என்றால் நமக்குத் துரைமாரின் விளையாட்டு. ரதல்ல மைதானத்தில் அவர்கள் விளையாட, நம் பாட்டன்மார் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். ஆனால் அதே துரைமாரின் நாட்டில், மில்லிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களும் இதை விளையாடினார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்ஷயரில் பிரட்போர்ட் என்று ஒரு நகரம். கம்பளி மில்களின் ஊர். அதில் மனிங்ஹாம் பகுதி மக்கள் 1880இல் ஒரு றக்பி கிளப்பைத் தொடங்கினார்கள். 1886இல் வேலி பரேட் மைதானத்துக்கு வந்தார்கள்.

அந்தப் பகுதியின் பெரிய மில், லிஸ்டரின் பட்டு மில். 1890 டிசம்பரில் முதலாளி கூலியை வெட்டினார். சிலருக்கு மூன்றில் ஒரு பங்குவரை போனது. சுமார் 5,000 பேர் வெளியே இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்ற நம் தாய்மாருக்கு அந்தத் துணிவு எப்படிப்பட்டது என்று தெரியும். 19 வாரம் தாக்குப்பிடித்தார்கள். பட்டாளம் வந்தது. கடைசியில் தோற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் 1893 ஜனவரியில் அதே பிரட்போர்ட்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்தது.

இனி விளையாட்டுக்கு வருவோம். மில் தொழிலாளிக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் லீவு. தூரத்தில் மட்ச் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அன்றைய கூலி போய்விடும். நம் பாஷையில் சொன்னால் செக்ரோலில் பேர் விழாது. அவர்கள் கேட்டது பரிசுப் பணமல்ல, இழந்த கூலியை மட்டும்தான். லண்டன் றக்பிச் சங்கமோ, காசு வாங்காமல் விளையாடுபவனே கனவான் என்றது. நல்ல நியாயம்! வக்கீலுக்கும் டொக்டருக்கும் ஒரு சனிக்கிழமை போனால் அடுப்பு எரியாமலா போகும்?

1893இல் லண்டனில் வாக்கெடுப்பு நடந்தது. இழந்த கூலியைக் கொடுக்கலாம் என்று 136 வாக்கு. கூடாது என்று 282. இரண்டு வருடம் பொறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் ஜோர்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடி, விலகித் தனிச் சங்கம் அமைத்தன. மனிங்ஹாமும் அதில் ஒன்று. வேலை இழந்த நாளுக்கு 6 சிலிங்வரை கொடுக்கலாம் என்றார்கள். முதல் வருடம் 22 கிளப்புகள் மோதின. 42 ஆட்டங்களுக்குப் பிறகு சம்பியன் ஆனது நம் மனிங்ஹாம்தான்!

பிறகு பணமுடை வந்தது. 1903இல் றக்பியை விட்டுவிட்டு கால்பந்துக்கு மாறி, பிரட்போர்ட் சிட்டி ஆனார்கள். இன்றும் அதே வேலி பரேட்டில்தான் ஆடுகிறார்கள். காசு கூடாது என்று நின்ற பழைய றக்பிக்காரர்களோ அந்தச் சட்டத்தைக் கைவிட்டது 1995இல், சரியாக 100 வருடம் கழித்து.

தம்பிமாரே, பிரதேச மட்டப் போட்டி வேலைநாளில் வந்தால் உங்கள் பேரும் போகிறது. எந்தத் திகதி, எந்தப் போட்டி, எத்தனை பேருக்குப் பேர் விழவில்லை என்று எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அடுத்த முறை நிர்வாகத்துடன் பேசப் போகும்போது அந்தக் கடதாசி எங்கள் கையில் இருக்க வேண்டும்.