பெயர் மீண்ட மரக்கலம்



பத்தாம் ஆண்டு விழாவில் போர்க்கப்பலுக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நான் சொல்லவிருப்பது பெரும்போர் எதிலும் கலந்துகொள்ளாத ஒரு போர்க்கப்பலின் வரலாறு. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருக்கோணமலை ஆங்கில நாவில் அடைந்த வடிவம் அது.

அதைக் கட்ட ஆணை பிறந்தது 1812-இல். வரைபடங்களைச் சுமந்து வந்த 'ஜாவா' என்னும் கப்பல், அவ்வாண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலிடம் தோற்று அழிந்தது. மீண்டும் வரைபடங்கள் அனுப்ப வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. ஆகவே பம்பாயில் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிப் பெருந்தச்சர், தேக்கு மரத்தால் அதனைச் சமைத்தார். 1817 அக்டோபர் 12-இல் அது நீரில் இறங்கியது. அதற்குள் நெப்போலியன் போர்கள் முடிந்திருந்தன!

1819-இல் போர்ட்ஸ்மத் சேர்ந்த கலம், 1845 வரை பணியின்றிக் கிடந்தது. பின்னர் பீரங்கிகள் 26 ஆகக் குறைக்கப்பட்டு, 1847 முதல் மேற்கிந்தியத் தீவுக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் உலாவியது. அடுத்துப் பயிற்சிக் கப்பலாயிற்று. 1897-இல் உடைப்போர் கைக்கு விற்கப்பட்டது.

அவ்வாண்டில்தான் ஜார்ஜ் வீட்லி காப் என்பவர், நெல்சனின் கொடிக்கப்பலாய் இருந்த தம் 'பூத்ரோயான்' கலத்தைப் புயலுக்குப் பறிகொடுத்தார். டிரிங்கோமலியை விலைக்கு வாங்கி மீட்ட அவர், இழந்த கலத்தின் பெயரையே அதற்கு இட்டார். இளைஞர் பலர் 1986 வரை அதில் பயிற்சி பெற்றனர். 1987-இல் ஹார்ட்டில்பூல் துறைக்குச் சென்று, 1992-இல் தன் பெயரை மீளப் பெற்றது. 2001-இல் திருப்பணி நிறைவுற்றது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது இன்று அதுவே.

அன்பர்களே, பரணி பாடிய மரபினர் நாம். வென்றவரைப் பாட நமக்குத் தெரியும். ஆனால் இக்கலத்தைக் காத்தது வெற்றியன்று. தேக்கின் உறுதியும், தச்சரின் கைத்திறனும், உளுத்த பலகையை மாற்றி உறுதியானதை விட்டுவைத்த பொறுமையுமே காத்தன. வாடியாவின் பெயரை வரலாறு அறியும். அவருடன் உளி பிடித்தவர்களை யார் பாடினார்கள்?

பத்தாண்டு கண்ட நம் வட்டமும் வாகை எதுவும் சூடியதில்லை. மாதந்தோறும் கூடினோம், கவிதை படித்தோம், பழுது கண்டால் அஞ்சாமல் சொன்னோம். அந்தத் தச்சுவேலையை விடாது செய்வோம். பாடப்படாத கைகளுக்கு நம் அடுத்த கவியரங்கை உரிமையாக்குவோம் என்று வேண்டி அமைகிறேன்.