பெயர் சூட்டிக்கொண்ட இதழ்கள்



அமைதிக்கு இதழியல் ஆற்றும் பணி யாது எனக் கேட்டால், கலவர நாளில் வதந்தி பரப்பாதிருத்தல் என்பர் பலர். வேண்டியதே. ஆயினும் ஒரு சாரார் வாய்திறவாமையால் நிலவும் அடக்கத்தை அமைதி எனல் தகுமோ?

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாய் வீசப்பட்ட சொல் முகப்பில் தலைநிமிர்ந்து நின்றது. விற்பவரும் வாங்குபவரும் அதனை இதழின் பெயராகச் சொல்லியாக வேண்டும் அல்லவா!

அவர் சகோதரியை மணந்த உறவினரான அயோத்திதாசப் பண்டிதர்க்கோ அப்பெயரில் உடன்பாடில்லை. பிறர் சுமத்திய பெயரை ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் கொணர்ந்த வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் இருந்தது. மறு ஆண்டு அது 'தமிழன்' எனச் சுருங்கிற்று. சுருங்கியது எழுத்தளவில்தான்; சாதிபேதமற்றோரே தமிழர் என்னும் உரிமைக் குரல் அப்பெயருக்குள் இருந்தது.

மைத்துனர் இருவர்க்குமிடையே எழுந்த இப்பிணக்கு கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. இழிசொல்லை எடுத்தாண்டு அதன் நஞ்சை முறிப்பதா, அன்றி அதனை எறிந்துவிட்டு வேறொன்றை உரிமை கொள்வதா? வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பண்டிதரின் ஏட்டில் வாசகர் வினாவுக்கு விடையுண்டு. 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்தது. திருக்குறளுக்குப் பௌத்த நோக்கில் உரையும் வந்தது. அவர்தம் சொல்லாராய்ச்சி அனைத்தையும் மொழியியலார் ஒப்பார். ஆனால், தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே கேட்டுவந்தோர் தம் வரலாற்றைத் தாமே எழுதத் துணிந்த இடம் அது. கொடுமைக்குக் கோலெடாமல், பகைவனையும் வாதுக்கு அழைத்தது அவ்வெழுத்து.

வடபுலத்தும் இதே நிலைதான். 1920 ஜனவரியில் அம்பேத்கர் மராத்தியில் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்', அதாவது ஊமைகளின் தலைவன். அதன் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் 'கேசரி' மறுத்தது.

1914-இல் பண்டிதர் மறைந்தார். 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழனை' மீண்டும் நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளோ, ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாய் வந்த பின்னரே தமிழ் இலக்கிய அரங்குகளில் பரவலாகப் பேசப்படலாயின.