பனிமலையும் பசுங்காடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயரிட்டுப் போற்றியது நம் மரபு. அம்மரபில் வந்த நமக்கு எந்நாட்டு மலையும் அயல் மலை ஆகாது. ஆதலின் இன்று உங்களைச் செக் நாட்டு மலையொன்றுக்கு அழைத்துச் செல்ல விழைகிறேன். தமிழாராய்ச்சியில் பெரும்புகழ் எய்திய கமில் சுவலபில் பிறந்த நாடு அது.

அந்நாட்டின் வடக்கெல்லையில், போலந்தை ஒட்டிக் கிர்கொனோஷே என்னும் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியாகிய ஸ்னியெஷ்கா 1,603 மீட்டர் உயரமுடையது; செக் நாட்டில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. நம் உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கும் மேலானது. உயரத்தை மட்டும் நோக்கின் அது சிறு மலையே. ஆயினும் குளிரும் காற்றும் மிகுந்த வடபுலம் ஆதலால், ஏறத்தாழ 1,250 மீட்டருக்கு மேல் அங்கே மரம் ஓங்கி வளர்வதில்லை. புல்லும் பாசியும் சதுப்பும், தரையோடு படர்ந்த குட்டைப் பைனுமே காணப்படும்.

பனியூழிக் காலத்தில் வடதுருவத்துச் செடிகள் தெற்கு நோக்கிப் பரவின. உலகம் வெதும்பியபோது அவை வடக்கே மீண்டன. சில மட்டும் இம்மலை முகடுகளில் தங்கிவிட்டன. உற்றாரைப் பிரிந்து அயலூரில் குடியேறியும் தம் இயல்பை விடாது வாழும் குடும்பங்களை அவை ஒக்கும். அந்நிலை எத்தகையது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

லாபே ஆறு இம்மலைப் புல்வெளியில்தான் சிறு ஊற்றாகப் பிறக்கிறது. ஜெர்மனியில் எல்பே எனப் பெயர் பெற்று, 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஹாம்பர்க் நகரைக் கடந்து வடகடலில் கலக்கிறது. அவ்வாற்றங்கரை நகரங்களின் சின்னங்களை ஊற்றின் அருகே ஒரு சுவரில் பதித்திருக்கிறார்கள். சற்றுத் தொலைவில் பாஞ்சாவா அருவி 148 மீட்டர் வீழ்கிறது.

மலையில் நடப்போர்க்கு வழிகாட்டுவது எது? மரத்திலும் பாறையிலும் இரு வெண்கோடுகளுக்கு இடையே தீட்டிய ஒரு வண்ணக்கோடு. 1888-இல் தோன்றிய செக் சுற்றுலாக் கழகம் மறு ஆண்டே இப்பணியைத் தொடங்கியது. இன்றும் தொண்டர்களே அக்கோடுகளைப் புதுப்பித்து வருகின்றனர்.

அன்பிற்கும் அம்மலை சான்று பகர்கிறது. 1913 மார்ச் 24 அன்று அங்கே 50 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. திடீரெனப் புயல் எழுந்தது. மற்றவர் விலகவும், மெல்லிய உடையோடு போஹுமில் ஹன்ச் ஓடிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பட்ட நண்பர் வாத்ஸ்லாவ் வர்பாட்டா தம் மேலங்கியையும் தொப்பியையும் கழற்றி அவருக்கு அளித்தார். அன்று இருவருமே குளிரில் உயிர் நீத்தனர். அந்த நாளையே செக் நாட்டு மலை மீட்புப் பணியினர் தம் நாளாகக் கொண்டுள்ளனர்.

அன்பர்களே, இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போலந்து 1959-இலும், செக்கோஸ்லோவாக்கியா 1963-இலும் தத்தம் பக்கத்து மலையைத் தேசியப் பூங்கா ஆக்கின. பூ பறித்தல் கூடாது, பாதையை விட்டு இறங்குதல் கூடாது என்று விதி செய்தனர். ஆனால் பலகை நாட்டிய அளவில் புகை நின்றுவிடுமா? சுற்றுப்புறங்களில் பழுப்பு நிலக்கரியை எரித்த மின் நிலையங்களின் கந்தகப் புகை 1970, 1980-ஆம் ஆண்டுகளில் அம்மலையைச் சூழ்ந்தது. முன்னாளில் பீச்சும் ஃபிர் மரமும் கலந்திருந்த காட்டை வெட்டி, விரைவில் பயன் கருதி ஸ்புரூஸ் மரத்தையே பெரும்பாலும் நட்டிருந்தனர். ஓரினமாய் நின்ற அம்மரங்கள் புகையைத் தாங்கவில்லை. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு பட்டுப்போயிற்று.

பின்னர் அந்நாட்டார் விழித்துக்கொண்டனர். நிலையங்கள் சிலவற்றை மூடினர். ஏனையவற்றில் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகளை அமைத்தனர். 1990-களின் இறுதிக்குள் அப்பணி நிறைவுற்றது. பட்ட காட்டில் பீச்சு, ஃபிர் முதலிய பல இனக் கன்றுகளை நட்டனர். 1992-இல் இரு நாட்டுப் பூங்காக்களையும் சேர்த்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இன்று அம்மலை மீண்டும் பசுமை பூண்டு வருகிறது.

நம் காலனியிலும் புகைபோக்கியே பலர் வீட்டு அடுப்பை எரியச் செய்கிறது. ஆலையை மூடுக என்று நான் கூறவில்லை. புகையை வடிக்கும் கருவி இருக்கிறதா, அது நாள்தோறும் இயங்குகிறதா என்று கேட்பது தொழிலுக்குப் பகை ஆகாது. நம் பிள்ளைகளின் மூச்சுக்கு நாம் செய்யும் கடமையாகும். காட்டை இழக்கச் சில ஆண்டுகள் போதும். மீட்க ஒரு தலைமுறையும் போதாது. விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குச் செல்லும்போதும், ஆலை வாயிலைக் கடந்து பணிக்குச் செல்லும்போதும் இதை நினைவிற் கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.