விற்கப்பட்ட தரங்கம்பாடி
(இனயம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பக்கத்துக் குளச்சலில் 1741-ல் டச்சுக்காரன் தோற்றோடிய கதை நீங்கள் அறிந்ததுதான். அதே குளச்சலில் 1755-ல் டென்மார்க்குக்காரன் வந்து பண்டகசாலை போட்டான். அவனுடைய தலைமை இடம் கிழக்குக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி. இன்று அந்த ஊரின் கதையைச் சொல்லுகிறேன்.

மீன்பிடித்துப் பிழைத்தவர்களின் கரை அது. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் 1620-ல் அதை டேனிஷ் கம்பெனிக்கு விட்டார். ஆண்டு வாடகை 3,111 ரூபாய். மிளகு ஆசையில் வந்தவர்கள் உடனே கோட்டை கட்டினார்கள். வியாபாரிக்குக் கோட்டை எதற்கு என்று கேட்காதீர்கள்!

1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்தார், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இவர் மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு சங்கதி கேளுங்கள். அம்பட்டர் குலத்து விதவை ஒருத்தி. செத்துப்போன புருஷனின் கடன் விவகாரம். எதிராளி கம்பெனியில் வேலை பார்த்தவன். பாதிரியார் அந்த ஏழைக்காகப் பரிந்து பேசினார். டேனிஷ் அதிகாரி ஹாசியுஸ் என்ன செய்தான்? கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்துப் போட்டான்! தன் மதத்தான், தன் நிறத்தான் என்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு வியாபாரம் நொடித்தது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனியிடம் விற்றார்கள். வீடு, கோட்டை, குடிகள் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். மாட்டுச் சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனை ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.