இடைநிற்றலா, வெளியேற்றமா?

(தில்லித் தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிப் படிப்பு பாதியில் முறிந்தால் அரசுக் கோப்புகள் அதனை ‘இடைநிற்றல்’ என்கின்றன. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நானும் அச்சொல்லைப் பலமுறை எழுதியுள்ளேன். பிள்ளை தானே நின்றுவிட்டதாக அது பொருள்படுகிறது. நிறுத்தியவர் யார் என்பதை அது மறைக்கிறது.

பாராபுல்லா வடிகாலைச் சீரமைப்பதாகக் கூறி, 2025 ஜூன் 1 அன்று ஜங்புரா மதராசி முகாம் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்களும் தினக்கூலிகளும் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனப்பட்டன. அவ்வீடுகளோ சுமார் 40 கி.மீ. தொலைவில், நரேலாவில் உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றுகூட அங்கில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, உயர்வகுப்பு நூலில் ஆங்கிலம். இவற்றிடையே பாலமாக நிற்பவர் தமிழறிந்த ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் அப்பாலம் அறுந்தால், பாடம் விளங்காத மாணவி தனக்கே அறிவில்லை என நம்பத் தொடங்குவாள். பின்னர் தாயுடன் வீட்டு வேலைக்குச் செல்வாள்.

2009 கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆயினும் அதன் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது. படிப்பு பெரிதும் முறிவதோ அதற்குப் பின்னர்தான்.

எனவே, 12ஆம் வகுப்புவரை அச்சட்டத்தை நீட்டிக்கவும், நரேலாவுக்குப் பள்ளிப் பேருந்தும் தமிழாசிரியரும் வழங்கவும் கோருவோம். அதற்கு முன், வீடுவீடாகச் சென்று, பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். அக்கணக்கே நம் கோரிக்கைக்கு வலுவூட்டும்.