சுவரில் செடி: முதலில் நம் வீட்டில்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுக்குள்ளே சுவரில் மாட்டும் டைல்ஸ் பூந்தொட்டி செய்து விற்கக் கடன் வேணும்னு சில குழுக்கள் கேட்டிருக்கீங்க. நல்ல யோசனைதான். ஆனா கடன் வாங்கும் முன்னாடி, ஒரே ஒரு தொட்டியை நம்ம வீட்டுச் சுவரில் மாட்டி ஒரு மாதம் பார்ப்போம்.

வெறும் மண் தொட்டியில் ஈரம் கசியும். சுவர் ஊறி சுண்ணாம்பு உதிரும். மழமழப்பான டைல்ஸில் நீர் ஊறாது. ஆனால் ஒட்டிய இடுக்கில் கசியும். அதனால் சுவருக்கும் தொட்டிக்கும் இடைவெளி விடுவோம். மண்ணோடு மக்கிய தென்னை நார்க்கழிவைக் கலந்தால் பாரம் குறையும். வீட்டுக்குள்ளே வெளிச்சம் குறைவு. மணிபிளான்ட் தாங்கும், துளசி தாங்காது. மணிபிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டணும்.

முக்கியமா, அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு கொசு உற்பத்தியாகும். வாரம் ஒருமுறை கொட்டி, தேய்த்துக் கழுவணும்.

நம்ம வீட்டில் நிலைத்த தொட்டியைத்தான் நம்பி விற்க முடியும். கடனாகப் போவது நம்ம எல்லோருடைய சேமிப்பு, சகோதரிகளே.